பக்கத்துச் சமாதி

"மெஷினை அணைங்க தம்பி. அதுல கை வைக்கக் கூடாது."

கும்சூக் கைகளை அகல விரித்துக் குறுக்கே நின்றாள். சியோல் நகரத்தின் அந்தப் பழைய மயானம் பூங்காவான நாளிலிருந்து அங்கே அவள்தான் வழிகாட்டி.

தேக்கியூ புல்வெட்டும் மெஷினை அணைத்தான். அப்பாவின் சமாதி மேட்டை மொட்டையடித்த மாதிரி வெட்டி, படையலாகச் சோஜு மதுவை ஊற்றி, விழுந்து கும்பிட்டு முடித்திருந்தான். அந்த வரிசையில் எந்த மேட்டுக்கும் பெயர்க்கல் கிடையாது. பக்கத்து மேடு முள்ளும் கொடியுமாகக் கிடந்ததைப் பார்க்க அவனுக்குப் பொறுக்கவில்லை.

"புண்ணியத்துக்குத்தானே அக்கா வெட்டறேன். காசா கேட்டேன்?"

"உள்ள காட்டுக்கோழி அடைகாக்குது. குஞ்சு இறங்கறவரைக்கும் விட்டுடுங்க."

"கோழிக்கு மலை முழுக்க இடமிருக்கு. கவிஞருங்க, சுதந்திரத்துக்குப் போராடினவங்கல்லாம் படுத்திருக்கிற இடம்னு ஊரையே கூட்டிட்டு வந்து காட்டறீங்க. நடுவுல இப்படி ஒரு புதரு. பார்க்கறவன் என்ன நினைப்பான்?"

"பாதிப் பேர் கேமராவைத் தூக்கிட்டு வர்றதே இந்தப் புதருக்காகத்தான். முள்ளெலிகூட உள்ள குடும்பம் நடத்துது."

தேக்கியூவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"கோழிக்கு இருக்கிற பொறுப்பு இவர் பெத்த பிள்ளைக்கு இல்லையே. அப்பன் தலைமேல முள்ளு முளைச்சிருக்கு, அவன் எங்க குடிச்சிட்டுக் கிடக்கானோ. என்னைப் பாருங்க. அம்மா போனப்புறம் வருஷம் தவறாம உல்சான்லேர்ந்து வந்து வெட்டறேன்."

"அந்தப் பிள்ளையைத் திட்டாதீங்க. நல்ல மனுஷன்."

"அவனைத் தெரியுமா உங்களுக்கு?"

"அவங்க அம்மாவையும் தெரியும். அந்தம்மா இருந்தவரைக்கும் இந்த மேட்டைப் பளிச்சுன்னு வச்சிருந்தாங்க."

"அப்போ பெத்தவ பேரையும் சேர்த்துக் கெடுத்துட்டான்." தேக்கியூ மெஷினின் கயிற்றைப் பிடித்தான். "நகருங்க அக்கா. அவன் என்னிக்காவது வந்து கேட்டா என் பேரைச் சொல்லுங்க."

கும்சூக் நகரவில்லை. இனி சொல்லாமல் முடியாது, சொன்னால் அடுத்த வருஷத்திலிருந்து வேலை தன் தலையில்தான் விழும் என்று அலுத்துக்கொண்டாள். கோழிக்காக அதையும் பொறுத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது.

"அவரும் வருஷம் தவறாமத்தான் வர்றார் தம்பி. மெஷினோட வந்து, பக்கத்துல இருக்கிற எங்க அப்பா சமாதியை மொட்டையடிச்சு, சோஜு ஊத்தி, விழுந்து கும்பிட்டுட்டு உல்சானுக்குப் போயிடறார்."