ரேங்க் போர்டு

"எம்மவ மிஸ்பா போட்டோவை இப்பவே கழட்டுங்க! வர்றவன் போறவனெல்லாம் பார்க்குறான்!"

கலீல் போட்ட சத்தத்தில் புனேயின் வானவடி டியூஷன் சென்டரே திரும்பிப் பார்த்தது.

"ரேங்க் போர்டு வெச்சாத்தான் பாய் பிள்ளைங்களுக்கு ரோஷம் வரும்" என்றார், சென்டரை நடத்தும் ஆபிரகாம்.

கலீலுக்கு ரத்தம் கொதித்தது. "ரோஷமா? மூணு வாரமா அவ தூங்கல. சோறு இறங்கல. நேத்து தலைமுடியைப் பிச்சுக்கிட்டு அழுதா. டாக்டர்கிட்ட காட்டிட்டு நேரா இங்கதான் வர்றேன்!"

"மிஸ்பாவா? அவதானே பாய் ஃபர்ஸ்ட் ரேங்க்!"

"அந்த இடம் போயிருமோன்னுதான் அழுவுறா. அது தெரியாம எங்க அபார்ட்மென்ட் சொசைட்டி முழுக்கப் பேடா கொடுத்த பாவி நான்!"

ஆபிரகாம் இறங்கிவந்தார். "சரி, எடுத்துடறேன். ரெண்டாவதா வந்த பையன் போட்டோவை அங்க மாட்டிக்கிறேன்."

கலீல் நாற்காலியில் ஏறினார்.

"அவன் தூங்க வேணாமா?" என்று கத்தியபடி போர்டையே பிடுங்கிக் கீழே போட்டார்.