ஓசிப் பழம்

மரம் நிறையப் பலா தொங்கியது. இலையில் மட்டும் ஒரு சுளை விழவில்லை.

மூன்றாவது வேளையும் களியும் மொச்சைக் குழம்பும்தான். மேனேஜர் அருணாசலம் களியை ஒரு விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, பக்கத்து இலையில் இருந்த அர்த்தனாரியைப் பார்த்தார். அர்த்தனாரி தலையைக் குனிந்துகொண்டான்.

மேனேஜர் மனசு வைத்தால் அவனுடைய டெம்பரரி குமாஸ்தா வேலை நிரந்தரமாகிவிடும். அதற்காகத்தான் அவரைக் கொல்லிமலைக்குக் கூட்டி வந்திருந்தான்.

"கோடைக்குச் சேலத்துல என்ன சார் இருக்கு? பார்க்குல ரேடியோ ஓசி, ஞாயித்துக்கிழமை பேண்டு ஓசி. ரெண்டும் சலிச்சுப் போச்சு. ஏற்காடு துரைமாருக்கு, நமக்குக் கொல்லிமலை. தங்கச் சின்னுசாமி ஊடு, தின்னப் பலா, அத்தனையும் ஓசி!" என்று ஆபீசில் ஆரம்பித்தவன், யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடிய பஸ் மலையடிவாரத்துப் பேளுக்குறிச்சி வந்து சேரும்வரை ஓயவில்லை.

மலையேறும்போதும் அதே பேச்சுத்தான்.

"கேக்கக்கூட வேணாம் சார். போன வருஷம் சின்னுசாமி காட்டுக்குப் போயிருந்த நேரம், நானே மரமேறி அறுத்தேன். மரத்துல வைக்கோல் புரி வேற சுத்தி வெச்சிருந்தாங்க. அதையே அவுத்துப் பழத்தைக் கட்டி இறக்கிட்டேன். மனுசன் வந்து பாத்துட்டு ஒரு வார்த்தை சொல்லணுமே! 'தின்னுங்க சாமி'ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு."

அந்தச் சின்னுசாமிதான் இப்போது குழம்புச் சட்டியோடு நின்றுகொண்டிருந்தார்.

"ஏனுங்க, எங்க சாருக்குப் பலான்னா உசுரு" என்றான் அர்த்தனாரி.

"இருக்குமுங்க. தேன் கொஞ்சம் ஊத்தட்டுங்களா?"

"தேன் இருக்கட்டும். வாசல்லயே பழுத்து வாசம் தூக்குதே?"

"இந்த வருசம் நம்மூட்டுப் பழம் சொகமில்லீங்க சாமி" என்றார் சின்னுசாமி, சட்டியைப் பார்த்துக்கொண்டே.

வாசலில் தொப்பென்று ஒரு பழம் விழுந்தது. பிளந்த பழத்தைக் காக்கைகள் மொய்த்தன. சின்னுசாமியின் சின்ன மகள் இரண்டடி முன்னால் போனாள். அவள் அம்மா பாவாயி ஓடிவந்து, "உள்ள வா கண்ணு" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனாள்.

"காக்காய்க்குக் குடுப்பாங்க. பெத்த பிள்ளைக்குக் குடுக்க மாட்டாங்க. நமக்கா குடுக்கப் போறாங்க?" என்று முணுமுணுத்தார் மேனேஜர்.

மறுநாள் காலை புறப்பட்டார்கள். மலைச்சரிவு தொடங்கும் இடம்வரை சின்னுசாமி கூட வந்தார்.

"சாமி, சேலத்துப் பார்க்குல பாட்டுப் பெட்டி காட்டறேன்னு போன வருசம் சொன்னீங்களாம். புள்ள கேட்டுக்கிட்டே கெடக்குது."

"பாக்கலாம், பாக்கலாம்" என்றான் அர்த்தனாரி திரும்பாமலே.

"கீழ பக்ருதீன் பாய் கடையில ஒரு எட்டு நின்னுட்டுப் போங்க."

அடிவாரம் வரை இறங்குமுகம். மேனேஜரின் பேச்சும் இறங்குமுகம்தான்.

"நீ என்னமோ கர்ணன்னு சொன்னே."

"போன வருஷம் இப்படி இல்லீங்க சார். சந்தையில வித்துக் காசு பாத்துட்டான் போலிருக்கு. சரியான கஞ்சன்."

பேளுக்குறிச்சியில் பக்ருதீன் பாய் அவர்களைக் கண்டதும், மிளகு மூட்டைக்குப் பின்னாலிருந்து இரண்டு பலாப்பழங்களை உருட்டிக்கொண்டு வந்தார்.

"சின்னுசாமி உங்களுக்குன்னு வெச்சிருக்காருங்க."

மேனேஜர் சிரித்துவிட்டார். "பாத்தியா? அங்க இல்லேன்னான். இங்க கடை போட்டிருக்கான்!"

"கடையா? அவரு வெலைக்கு வாங்குன பழமுங்க இது. வர்றேன்னு நீங்க என் கடைக்குக் கடுதாசி போட்டீங்கல்ல? சேதி சொன்னேன். அடுத்த சந்தைக்கே மொளகோட வந்து, அதைக் குடுத்து இந்தப் பழத்தை வாங்கி வெச்சுட்டுப் போனாரு. மலைக்குக் கொண்டு போகக் கூடாதுங்களே."

"மரம் நிறையப் பழம் வெச்சிருக்கறவன் எதுக்கய்யா வெலைக்கு வாங்கணும்?"

"அந்த மரத்தை அவரு தொடக் கூடாதுங்க. மலை நாட்டு ஊர்க்காரங்க போட்ட கட்டுப்பாடு. போன வருசம் நோம்பித் திருவிழாவுக்கு முந்தியே, மாரியாயிக்கு நேந்துவிட்ட மரத்துல பழத்தை அறுத்துட்டாரு. ஊர்க்கூட்டத்துல விழுந்து கும்புட வெச்சாங்க. ரெண்டு கோடைக்கு அவரூட்டுல சின்னப் புள்ள மொதக்கொண்டு ஒரு சுளை வாயில வெக்கக் கூடாதுன்னுட்டாங்க."

அர்த்தனாரி பழத்தைத் தூக்கக் குனிந்தவன், குனிந்தபடியே நின்றான்.

பாய் தாடியைத் தடவினார். "இருவது வருசமா அவருகிட்ட மொளகு வாங்கறேன். அவரா இப்படிப் பண்ணினாருன்னு இன்னும் எனக்கு நம்பிக்கை வரலீங்க. கேட்டா, 'நாந்தான் அறுத்தேன், புத்தி கெட்டுப் போச்சு பாய்'ங்கறாரு. மலையில பொறந்த மனுசனுக்குத் தெரியாதுங்களா? நேந்த மரம், யாரும் கை வெக்கக் கூடாதுன்னுதானே அதுல வைக்கோல் புரி சுத்தி விடறது?"

பஸ்காரன் ஹாரனை அமுக்கினான். இருவரும் நகரவில்லை.

அர்த்தனாரிக்குக் கை கூசியது. பழத்தின் முள்ளிலிருந்து மெல்ல விரல்களை எடுத்துக்கொண்டான். அம்மா இழுத்த இழுப்பில் உள்ளே போன அந்தப் பெண்குழந்தையின் முகம், எவ்வளவு தள்ளினாலும் போகவில்லை.

மேனேஜர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அர்த்தனாரி" என்றார் மெதுவாக. "கஞ்சன்னு நீ சொன்னது யாரை?"