மஞ்சளாகாத அரை ஏக்கர்

"யூரியா போட்டீங்களா, ஐயா?"

லோகப்பிரியா மெதுவாகத்தான் கேட்டாள். பாலுசாமிக்கு நாலு பேர் முன்னால் அறைந்த மாதிரி இருந்தது.

"வாக்குக் குடுத்திருக்கறனுங்க, அம்மணி. நட்டதுல இருந்து ஒரு கைப்பிடி வீசலீங்க."

அப்புறம் வயல் ஏன் கரும்பச்சையாக நிற்கிறது?

லோகப்பிரியா கோயமுத்தூரில் ஆராய்ச்சி படிக்கிறவள். நெல் இலை எப்படி மூப்படைகிறது என்பதுதான் படிப்பு. ஆனைமலையில் பாலுசாமியின் அரை ஏக்கரைக் கேட்டு வாங்கினாள். நடும்போது போட்ட அடியுரத்தோடு சரி, அப்புறம் யூரியா மாதிரி மேலுரம் கூடாது, இலை தன்னால் மஞ்சளாக வேண்டும் என்றாள். படிக்கிற பெண் கேட்கிறது. சரி என்றுவிட்டார்.

வாராவாரம் ஜீப்பில் வருவாள். கதிருக்குக் கீழே இருக்கும் கண்ணாடி இலையைக் கிள்ளி, புகை கக்கும் கேன் ஒன்றுக்குள் போடுவாள். அந்தப் புகை சுடாது, குளிரும். அதுவே அவருக்கு விளங்கவில்லை.

ஒருநாள் கேட்டும் பார்த்தார்.

"இலைக்கு வயசானா உள்ளே ஒரு ஜீன் முழிச்சுக்குங்க, ஐயா. பச்சையத்தை எல்லாம் உடைக்கும். அந்தச் சத்து கதிருக்குப் போயிரும். இலை மஞ்சளாயிரும்."

"இன்ன நேரத்துக்கு முழிக்கோணும்னு அதுக்கு யாரு சொல்றது?"

"அதைத்தான் மூணு வருஷமாத் தேடறேன்."

இப்போது அவள் முகம் வாடிக் கிடந்தது.

"மூணு வாரத்துக்கு முந்தி எடுத்த இலையில ஜீன் முழிச்சிருந்துச்சுங்க. இப்ப எடுத்ததுல தூங்குது. ரெண்டு தடவை செஞ்சு பார்த்துட்டேன்."

"நரைச்ச முடி கறுக்குமா, அம்மணி?"

"கறுத்திருக்கே. எங்க சார் நம்ப மாட்டேங்கறார். விவசாயி உரம் போட்டிருப்பார், இந்த வயலை விட்டுருங்கறார். விட்டா இந்தப் போகம் போச்சு. அடுத்த போகத்துக்கு எனக்கு ஸ்காலர்ஷிப் இல்லீங்க."

பாலுசாமி யோசித்துப் பார்த்தார். தான் போடவில்லை. வானத்திலிருந்தும் விழுந்திருக்காது. ஜீனுக்கே புத்தி பேதலித்துவிட்டதா?

மோர் கொண்டுவந்த மனைவி சென்னியம்மாளைப் பார்த்தார்.

"ஏம்புள்ள, நீ ஏதாச்சும் போட்டயா?"

"ஏனுங்க, நானா போயி அதுக்கு மை தடவுனேன்? உங்களுக்கு ஆரு மேல சந்தேகப்படறதுன்னே இல்லை" என்று செம்பை நங்கென்று வைத்துவிட்டுப் போனாள்.

பாலுசாமி வரப்பைச் சுற்றி நடந்தார். கிழக்கு மூலையில் நின்றார். காய்ந்த சேற்றில் செருப்புத் தடம். டயர் செருப்பு. வந்த தடம், போன தடம், இரண்டும் பக்கத்து வயலுக்கு.

பக்கத்து வயல் சித்தப்பன் மகன் தம்பிதுரையுடையது. கிணற்றுத் தண்ணீர் முறையில் தகராறு. ஒன்பது வருஷமாகப் பேச்சு இல்லை.

"அந்தாளு வேலைதான்" என்றார் பாலுசாமி. பல்லைக் கடித்தார்.

தம்பிதுரை அங்கேதான் மடை திறந்துகொண்டிருந்தார். யாரும் கூப்பிடவில்லை, ஆனால் லோகப்பிரியாவைக் கண்டு தானாக வரப்பேறி வந்தார்.

"அம்மணி, அந்தாளைக் கேளுங்க. என்ற வயல்ல அந்தாளுக்கு என்ன சோலின்னு" என்றார் பாலுசாமி.

நாலடி தூரம். இருந்தாலும் லோகப்பிரியா திரும்பக் கேட்டாள்.

"வந்தேன்னு சொல்லுங்க, அம்மணி."

"வந்தாராம், ஐயா."

"எனக்குக் காது கேக்குது. என்னத்துக்குன்னு கேளுங்க."

"யூரியா வீச" என்றார் தம்பிதுரை. ஒளிக்கவில்லை, மறைக்கவில்லை.

பாலுசாமி லோகப்பிரியா பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களா? தண்ணிய மறிச்சது பத்தலை. இப்ப என்ற வாக்கைக் கெடுத்துப்போட்டான். உங்க படிப்பையும் சேத்துக் கெடுத்துப்போட்டான்."

"படிப்பா?" தம்பிதுரை விழித்தார். "எந்தப் படிப்புங்க?"

லோகப்பிரியா சொன்னாள். இலை, ஜீன், மஞ்சள், வாக்கு எல்லாம். தம்பிதுரைக்குப் பாதி விளங்கவில்லை. விளங்கிய பாதியில் முகம் தொங்கிப்போனது.

"எனக்கென்னுங்க தெரியும்? பயிரு வெளுத்துக் கிடந்துது. வாராவாரம் ஜீப்புல வந்து பாத்துட்டுப் போறீங்க. நோவு கண்டுபோச்சு, காப்பாத்த வழியில்லாம நிக்கறாருன்னு நெனச்சேன். சொசைட்டிலயும் யூரியா தீந்துபோச்சு. இவரு என்ற ஊட்டுப் படியேறிக் கேக்க மாட்டாரு. நானாக் குடுத்தா வாங்கவும் மாட்டாரு."

தீர்ந்துபோன யூரியா இவனுக்கு மட்டும் எங்கிருந்து கிடைத்தது என்றுதான் பாலுசாமி குழம்பினார். அதையும் கேட்கச் சொல்லி லோகப்பிரியாவைப் பார்த்தார்.

தம்பிதுரை அவள் கேட்கும்வரை நிற்கவில்லை. தன் வயலைக் கையால் காட்டினார்.

"அந்த யூரியா என்ற வயலுக்குன்னு வாங்கி வெச்சிருந்ததுங்க, அம்மணி. அதே ரகந்தான், அதே வாரம் நட்டது. மேலுரம் பொட்டுக்கூடப் படலை, மஞ்சளாத்தான் நிக்குது. உங்களுக்கு ஆகும்னா அதுல கிள்ளிக்குங்க."