மாஸ்டரின் கைமணம்

"தூ! உப்பும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல."

ஸ்லோ குக்கரின் மூடியைக் கையில் பிடித்தபடி மாஸ்டர் மூக்கைச் சுளித்தார். வெளிறிய தண்ணீரில் நாலைந்து எலும்பு, அவற்றில் ஒட்டியும் ஒட்டாமலும் கொஞ்சம் மாட்டுக்கறி, கூடவே இரண்டு கேரட். மருந்துக்குக்கூட வெங்காயம் இல்லை.

இதற்குத்தான் மாப்பிள்ளை அவ்வளவு பீற்றிக்கொண்டார்.

ஓட்டல் ஓட்டலாக அடுப்பு முன்னால் நின்று, மற்றவர்களை அதட்டியே ஆயுளைக் கழித்தவர் மாஸ்டர். ஓய்வு பெற்று மகள் வீட்டோடு வந்து சேர்ந்த நாளிலிருந்து அந்த வீட்டுச் சமையலறை அவர் ராஜ்யம். மகளோ மருமகனோ ஒரு முட்டை பொரித்தால்கூட, "இது முட்டையா, செருப்பா?" என்று கேட்காமல் விடமாட்டார்.

நேற்றுச் சாப்பாட்டு மேசையில் மாப்பிள்ளைக்குப் பொறுமை போய்விட்டது.

"நாளைக்கு ஒரு நாள் நான் சமைக்கிறேன், மாமா. ஸ்லோ குக்கர்ல மாட்டுக்கறி. காலையில வெச்சா சாயங்காலம் பஞ்சா வெந்திருக்கும்."

"ஸ்விட்சைப் போட்டுட்டுப் போய்ப் படுத்துக்கிறதுக்குப் பேரு சமையலா, மாப்ள?" மாஸ்டர் சிரித்த சிரிப்பில் புரையேறியது. "அந்தக் கறி நல்லாருக்குன்னு என் வாயால வந்துட்டா, அப்புறம் இந்த அடுப்படிப் பக்கமே தலைவெச்சுப் படுக்கமாட்டேன். நல்லா இல்லேன்னா உங்க டப்பாவைத் தூக்கிக் குப்பையில போட்டுடணும். சம்மதமா?"

"சம்மதம் மாமா. ஆனா மூடியைத் தெறக்கக் கூடாது."

"அதைத் தெறந்து பாக்கணும்னு எனக்கென்ன தலையெழுத்தா?"

அந்தத் தலையெழுத்துத்தான் இப்போது கரண்டியும் கையுமாக நின்றுகொண்டிருந்தது.

மகள் ஆபீஸ் போய்விட்டாள். ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி முடித்து வந்த மாப்பிள்ளை, குக்கருக்கு ஸ்விட்சைப் போட்டுவிட்டு, படுக்கையறையைத் தாழிட்டுக்கொண்டு தூங்கப் போய்விட்டார். ஹாலிலிருந்து நீளமாக ஓர் ஒயர் அந்தக் கதவுக்கு அடியில் புகுந்து போயிற்று. போனுக்குச் சார்ஜ் போடக்கூடத் துரை எழுந்து வரமாட்டாராக்கும் என்று மாஸ்டர் முனகிக்கொண்டார்.

சமையலறை வாசலில் வீட்டு நாய் மட்டும் குக்கரை விட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தது.

"உனக்கு என்னடா அவசரம்?" என்று அதையும் அதட்டினார்.

அப்படியே மூடிவைத்திருந்தால் பந்தயம் அவருக்குத்தான். ஆனால் சும்மா ஜெயிப்பதில் என்ன சுகம்? மாப்பிள்ளை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பரிமாற வேண்டும், மகள் ஆஹா ஓஹோ என்று புகழ வேண்டும், அந்த நேரம் பார்த்து விஷயத்தைப் போட்டு உடைக்க வேண்டும். நினைக்கும்போதே மாஸ்டருக்கு இனித்தது.

வாணலியை ஏற்றினார். வெங்காயத்தைச் சிவக்க வதக்கி, பூண்டும் மிளகும் நசுக்கிப் போட்டு, எல்லாவற்றையும் குக்கரில் கொட்டினார். தாராளமாக உப்பையும் போட்டார். பிறகு வாணலியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளை போல ஹாலில் வந்து பேப்பரை விரித்துக்கொண்டார்.

நாய் குக்கர் பக்கம் மூக்கைத் தூக்கி ஒருமுறை மோந்து பார்த்தது. பிறகு எழுந்து போய்விட்டது.

"ரசனை கெட்ட ஜென்மம்," என்றார் மாஸ்டர்.

சாயங்காலம் மகள் வந்ததும் மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை பெரிய பீங்கான் பாத்திரத்தில் கறியைக் கொண்டுவந்து வைத்தார். காலையில் வெளிறிக் கிடந்தது இப்போது கெட்டியாக, பழுப்பாக, ஒரு எலும்புகூட இல்லாமல் மணத்தது. எல்லாம் தன் கை பட்ட விசேஷம் என்று மாஸ்டர் பூரித்துப்போனார்.

ஒரு வாய் வைத்தவர் கண்ணை மூடிக்கொண்டார். மூன்றாவது தடவையும் தட்டை நீட்டினார்.

"நல்லாருக்காப்பா?" மகள் மெல்லக் கேட்டாள்.

"என்ன கேள்வி கேக்கிறே? நான் வேலை பாத்த ஒரு ஓட்டல்லயும் இப்படி ஒரு பதம் வந்ததில்ல. இதுக்கு மேல எவனாலயும் சமைக்க முடியாது!"

"அப்ப பந்தயம், மாமா?"

இதற்காகத்தானே காத்திருந்தார்! மாஸ்டர் விரலை நக்கிவிட்டு, சாவகாசமாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"மாப்ள, உங்க டப்பாவைக் காலையிலேயே தெறந்து பாத்துட்டேன். கழனித் தண்ணி தோத்துடும். வெங்காயம் வதக்கி, மிளகு தட்டி, உப்புப் போட்டு, அதுக்கு உயிர் குடுத்தது இந்தக் கை! ஸ்விட்சாம், ஸ்விட்சு!"

இரண்டு பேரும் வாயடைத்துப் போவார்கள் என்று பார்த்தார். மகள் பெருமூச்சு விட்டாள். உள்ளே போய், சமையலறைக் குக்கரைத் தூக்கிவந்து மேசையில் வைத்து மூடியை எடுத்தாள்.

காலையில் பார்த்தது அப்படியே குறையாமல் இருந்தது. எலும்புகளுக்கு மேலே மாஸ்டர் வதக்கிய வெங்காயம் மிதந்தது.

"நீங்க தெறப்பீங்கன்னு தெரியும்ப்பா. அதனாலதான் நம்ம கறியை வேற குக்கர்ல போட்டு, பெட்ரூம்ல வெச்சு வேகவிட்டோம். நீங்க இவ்வளவு நேரம் புகழ்ந்தது அதைத்தான்."

மாஸ்டர் பீங்கான் பாத்திரத்தைப் பார்த்தார். கதவுக்கு அடியில் போன ஒயரைப் பார்த்தார். நாளைக் காலையில் எழுந்து எங்கே போய் நிற்பது என்று அடுப்படியை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"அப்ப... இந்தக் குக்கர்ல இருக்கிறது?"

மாப்பிள்ளை குனிந்து, காலடியில் பட்டினியாகப் படுத்திருந்த நாயைத் தடவிக்கொடுத்தார். கொஞ்சமும் மரியாதை குறையாமல் சொன்னார்:

"இவனோட சாப்பாடு, மாமா."