தண்ணீர் மட்டும் போகும்

பயிற்சியாளர் லாக்லன் மண்டியிட்டு, மழைத்தோட்டத்தின் மேல்மண்ணை ஒரு சிட்டிகை கிள்ளி, இரண்டு விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தார்.

சிமெண்ட் என்றார்.

எல்லோரும் எட்டிப் பார்த்தோம். சாம்பல் நிறத்தில் ஒரு படலம், தயிரின் ஆடை போல, பள்ளம் முழுக்கப் படிந்திருந்தது. நடுவில் இருந்த கோரைப்புல் வட்டமாகக் கருகியிருந்தது.

மெல்பர்னின் வடக்கே, பெல்லாமி தெருமுனை. தெருவில் ஓடும் மழைத்தண்ணீர் இந்தப் பள்ளத்தில் இறங்கி, மணலில் வடிந்து, அடியில் புதைத்த குழாய் வழியாக ஓடைக்குப் போக வேண்டும். போகவில்லை. நேற்றைய மழை இன்னும் தேங்கிக் கிடந்தது. ஏன் என்று கண்டுபிடிப்பதுதான் இன்றைய பயிற்சி.

நானும் கிளெனிசும் நகரக் கவுன்சிலின் தோட்டப் பிரிவு. மற்றவர்கள் பொறியாளர்கள். பூட்ஸில் கடை வாசனை இன்னும் போகாதவர்கள்.

கிளெனிஸ் காலையிலிருந்து ஒரே பல்லவியைப் பாடிக்கொண்டிருந்தாள். இந்தத் தோட்டத்தைத் தோண்ட வேண்டாம், வேறு தெருவுக்குப் போகலாம், வசந்தம் வந்தால் தானே சரியாகிவிடும். அவளும், எங்களோடு வேலை பார்த்த அவள் கணவன் மெர்வும் சேர்ந்து நட்ட தோட்டம் இது. மதியச் சாப்பாட்டை இந்த விளிம்பில் உட்கார்ந்துதான் சாப்பிடுவார்கள். ஏப்ரலில் மெர்வ் இறந்துபோனான்; எரியூட்டுக்கு நானும் போயிருந்தேன். அதற்காகச் செத்த புல்லைக் கட்டிக்கொண்டு எவ்வளவு நாள்தான் அழுவாள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

லாக்லன் சிவப்பு லிட்மஸ் தாளை ஈரமண்ணில் பதித்தார். நீலமாகிவிட்டது. நல்ல காரம், பார்த்தீர்களா என்று குதூகலித்தார். எதிரே வீடு கட்டுகிறவர்கள் சிமெண்ட் வாளியை இங்கே கழுவி ஊற்றியிருக்கிறார்கள், புல் கருகியதும் அதனால்தான், இந்தத் தொழிலில் இது அன்றாடம் நடப்பதுதான் என்றார்.

எதிர்வீட்டுச் சாரத்தில் நின்ற கொத்தனார் காதில் அது விழுந்துவிட்டது. தன் ஆட்கள் அங்கே ஒரு சொட்டுக்கூட ஊற்றியதில்லை என்று அம்மாமேல் ஆணையிட்டார். யாரும் நம்பவில்லை. பொறியாளர்கள் சிரித்தார்கள். கிளெனிஸ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

லாக்லன் அவள் பக்கம் திரும்பினார். "நீங்க போன வருஷமே இந்த வகுப்புக்கு வந்தவங்க. இவங்களுக்கு நீங்களே சொல்லுங்க, இந்த மண்ணோட வேல என்ன?"

"தண்ணி மட்டும் போகும். வேற எதையும் விடாது, பிடிச்சு வச்சுக்கும்." லாக்லனை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்கதானே சொன்னீங்க."

அதேதான் என்றார் லாக்லன். பிடித்து வைத்துக்கொண்டதால்தான் அடைத்துக்கொண்டது, சுரண்டி எடுத்தால் பழையபடி வடியும் என்றார். ரோட்டு எண்ணெயும் ஈயமும் கலந்த மண், எங்கேயும் கொட்டிவிடக் கூடாது, நேராகக் குப்பைக் கிடங்குக்குத்தான் போக வேண்டும்.

ஆளுக்குக் கொஞ்ச நேரம் மண்வெட்டி கிடைத்தது. மாற்றி மாற்றிப் படம் எடுத்துக்கொண்டார்கள். சுரண்டியதை எங்கள் பிக்கப் வண்டியின் பின்தட்டில் வீசினார்கள். ஒருவன் குறி தவறி நடைபாதையில் கொட்டிவிட்டு, கேக் மாவு இப்படித்தான் எனக்கும் வீணாகும் என்று எல்லோரையும் சிரிக்க வைத்தான். இன்னொருவன் தன் புது பூட்ஸை விளிம்பில் தட்டித் தட்டிச் சுத்தம் செய்தான்.

கிளெனிஸ் மண்வெட்டியைத் தொடவில்லை. நிறுத்துங்கள் என்று சொல்வதற்கு இரண்டு முறை வாயைத் திறந்தாள். என்ன காரணம் சொல்வது என்று தெரியாதவள் போல மூடிக்கொண்டாள்.

லாக்லன் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிக் காட்டினார். சரசரவென்று இறங்கியது. கைதட்டினார்கள். சூடாக இறைச்சி அடைத்த அப்பம் வாங்கித் தருவதாகச் சொல்லி அவர்களைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார்.

அவர்கள் திரும்பும் முன் கிளெனிஸ் பள்ளத்தில் இறங்கிவிட்டாள். கருகிய புல்லின் தூர்களில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்தாள். நடைபாதையில் சிந்தியதைக் கூட்டி அள்ளினாள். கையுறையை நீட்டினேன், காரம் கையை அரித்துவிடும் என்றேன். வாங்கவில்லை. தூறலில் முழங்கால் நனைய ஊர்ந்து ஊர்ந்து அள்ளியும் வாளியில் பாதிகூடச் சேரவில்லை.

என் பொறுமை போய்விட்டது. வாளியைப் பிடுங்கிக்கொண்டு போய், பின்தட்டில் இருந்த சேற்றோடு சேர்த்துக் கொட்டுவதற்காகக் கவிழ்க்கப் போனேன்.

"ஜாரட்," என்றாள். "அவர அதுல கொட்டாதடா."

வாளி என் கையிலேயே நின்றது.

அவள் அதை வாங்கிப் போய் முன் இருக்கையில் வைத்தாள். மெர்வ் உட்காரும் பக்கம். பெல்ட்டை இழுத்துச் சுற்றிப் போட்டாள். பிறகு பின்தட்டுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். முக்கால்வாசி அங்கேதான் கிடந்தது, எங்கள் எல்லோர் மண்வெட்டியும் கலக்கிய சேற்றில்.

நான் பின் இருக்கைக் கதவைத் திறந்தேன். வண்டியில் ஏறும் முன் பூட்ஸைத் தட்டிவிடுவது என் பழக்கம். விளிம்பில் தட்டக் காலைத் தூக்கியவன், அடியில் ஒட்டியிருந்த சாம்பலைப் பார்த்து அப்படியே கீழே வைத்தேன்.