பக்கத்துக்கு மூன்று இன்ச்

ஜூலை 9, புதன்.

இன்று ஒரு தவறு செய்தேன். தையல் வகுப்பில் எனக்கு ஜோடியான அக்காவின் டாப்ஸில் பக்கத் தையலுக்கு வெளியே மிஞ்சியிருந்த துணியை வெட்டி எறிந்துவிட்டேன்.

மூன்று இன்ச் விடச் சொல்லியிருந்தார். பாடத்தில் ஒன்று என்றுதான் இருக்கிறது. நோட்டைப் பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன். பிறகுதான் வெட்டினேன்.

மாலைத் தையல் வகுப்பில் ஒருவருக்கு ஒருவர் தைத்துப் பழக வேண்டும். எனக்கு வாய்த்தவர் அவர். வயது நாற்பத்து மூன்று. உடம்பு போட்டுவிடும் என்று பயப்படுகிறார் போல என நானாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

குப்பைக்கூடையிலிருந்து நீலத் துண்டுகளைப் பொறுக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"மூணு இன்ச் எதுக்குக்கா? பிரியாணிக் கடை வைக்கப்போறீங்களா?" என்றாள் அடுத்த மெஷினில் இருந்த ஜெசிந்தா.

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

"குழந்தை பெத்துக்கப்போறேன்."

மெஷின்கள் நின்றன.

ஜெசிந்தா விரல்விட்டு எண்ணினாள். "புள்ள பத்தாவது எழுதும்போது உங்களுக்கு…"

"அம்பத்தொம்பது. நான் எப்பவோ எண்ணிட்டேன்."

"ஸ்கூல்ல பாட்டியான்னு கேப்பாங்கக்கா."

"கேக்கட்டும். அம்மான்னு சொல்லிக்கிறேன்."

டீச்சர் மட்டும், எதற்கும் பாடத்தில் ஒரு இன்ச்தான் என்றார்.

ஒவ்வொன்றாக மெஷின்கள் ஓடத் தொடங்கின.

அவர் ஊசியில் நூல் கோக்கப் பார்த்தார். நுழையவில்லை.

இரண்டாம் முறையும் நுழையவில்லை.

வாங்கி நான் கோத்துக் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டும். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

அவர்தான் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"குழந்தையை வச்சுக்கறதா வேண்டாமான்னு டாக்டரம்மா வெள்ளிக்கிழமைக்குள்ள முடிவு சொல்லச் சொல்லியிருக்காங்க. வீட்டுக்காரர் உன் இஷ்டம்னுட்டார். பெத்துக்கப்போறேன்னு இன்னும் யார்கிட்டயும் சொல்லல பாப்பா. இங்கதான் முதல்ல சொல்லிப் பார்த்தேன்."

"எப்படி இருந்துச்சுக்கா?"

கேட்டிருக்கக் கூடாதோ என்று உடனே தோன்றியது.

அவர் நீலத் துண்டுகளைக் கூடையில் திரும்பப் போட்டார். அளவு நாடாவை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நேராக நின்றார்.

முதலிலிருந்து அளந்தேன்.

நாளை: அதே நீலத்தில் இரண்டரை மீட்டர் வாங்க வேண்டும். பக்கத்துக்கு மூன்று இன்ச் விட்டு வெட்ட வேண்டும். டீச்சர் கேட்டால், தெரிந்துதான் விட்டேன் என்று சொல்ல வேண்டும்.