சுத்தமான ரிப்போர்ட்

"பசியில கண்ணு இருட்டுது. ரண்டு மாசமா இந்தக் கொள்ளு ரசத்தையே ஊத்தறியே, ஒரு துண்டு கறி போட்டா என்ன புள்ள?"

சென்னியப்பன் தட்டைத் தள்ளினார். பதினெட்டு வருடமாகப் பனியன் கம்பெனி டெய்லர். மெஷினில் குனிந்தே முதுகு கூன் போட்டிருந்தது.

மனைவி வேலாத்தாள் அசையவில்லை. "கம்பெனியில ரத்தம் எடுத்தாங்களே, கொழுப்பு முந்நூத்திச் சொச்சம். பரம்பரையா வர்றதுன்னு டாக்டர் சொன்னாருங்களா இல்லீங்களா? உங்க பக்கத்து மெஷின் கந்தப்பன் போன மாசம் தைச்சுக்கிட்டே சாஞ்சாரு. முப்பத்தெட்டு வயசு, நெஞ்சடைப்பு. அப்பிடிப் போகோணுமா?"

"அட, அவன் ரிப்போர்ட் சுத்தமா இருந்துச்சு. அந்தத் தெம்புல வாராவாரம் கறி எடுத்தான். சுத்தமானவன் போயிட்டான், கொழுப்பெடுத்தவன் உக்காந்திருக்கறேன். என்ன டெஸ்ட்டோ, ஒரு எழவும் புரியல."

கல்லூரியில் உயிரியல் படிக்கும் மகள் மைதிலி, வெளி லேபில் வாங்கிய அப்பாவின் புது ரிப்போர்ட்டோடு உள்ளே வந்தாள்.

"எனக்கும் புரியலீங்கப்பா. இதுல நூத்தி எழுபதுதான் இருக்குது."

"என்ற ரசமும் மாத்திரையும் வேலை செஞ்சிருக்குது!" என்றாள் வேலாத்தாள்.

சென்னியப்பன் தலையைச் சொறிந்தார். "மாத்திரைய நான் முழுங்கவே இல்ல புள்ள."

"வெறும் ரசத்துக்கெல்லாம் பரம்பரைக் கொழுப்பு எறங்காதும்மா," என்றாள் மைதிலி. "ஆராய்ச்சியில எலிய வெச்சுப் பாத்திருக்காங்க. சாதா எலிக்குக் கொழுப்புத் தீனி போட்டாலும் ரத்தக்குழாய் லேசுல அடைக்காது. கோளாறோட பொறந்த எலிக்கு சாதாத் தீனியிலயே அடைக்கும். அதோட குட்டிக்கும் போகும்."

"அப்ப நான் எந்த எலி கண்ணு?"

"அதானுங்கப்பா குழப்பம். உங்களைப் பெத்த அப்பாருக்கும் அப்பாயிக்கும் டெஸ்ட் எடுத்தாச்சு. எனக்கும் எடுத்தாச்சு. ஒருத்தருக்கும் இல்ல. உங்களுக்கு மட்டும் எங்கிருந்து வந்துச்சு?"

"ஆத்துல அடிச்சுக்கிட்டு வந்த புள்ளையோ என்னமோ!" வேலாத்தாள் சிரித்தாள்.

மைதிலி சிரிக்கவில்லை. பழைய தாளையும் புதுத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"கொழுப்பு ஏறும், எறங்கும். ரத்த வகை மாறுங்களா? கம்பெனி ரிப்போர்ட்டுல பி பாசிட்டிவ். இதுல ஓ பாசிட்டிவ்."

சென்னியப்பன் எச்சில் கையோடு எழுந்தார்.

"ரத்தம் எடுத்த அன்னைக்கு ஆடிட்டு."

"அதுக்கென்னங்க?" என்றாள் வேலாத்தாள்.

"எனக்கு ஓவர்டைம் கூடிப்போச்சு. கணக்குப் பாக்க வந்த வெளிநாட்டுக்காரங்க கேட்டா நான் உளறிருவேன்னு, சமாளிச்சுப் பேசற ஆளுகிட்ட என்ற அடையாளக் கார்டைக் குடுத்து, அவன் கார்டை என்னக் கழுத்துல போடச் சொன்னாரு சூப்பர்வைசர். ஆடிட்டுன்னா எப்பவும் பண்றதுதானே, மறந்தே போயிட்டேன். நர்சம்மா கார்டைப் பாத்துத்தான் பேர எழுதினாங்க."

"உங்க கார்டை யாருங்கப்பா போட்டிருந்தாங்க?"

"கந்தப்பன். அவன் கார்டை நான் போட்டிருந்தேன்."

கந்தப்பனுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவளுக்கு ஒன்பது வயது. முந்நூற்றுச் சொச்சம் கொழுப்பு என்று சொல்லும் அவர்களுடைய அப்பனின் ரிப்போர்ட்டை அவர்களிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய பாக்கி இன்னும் சென்னியப்பன் தலையில் இருந்தது.